ஓ.பி. மேசையிலிருந்து பாட்டியின் கட்டில் வரை: குடும்ப டாக்டராகத் தொடங்குகிறவர்களுக்கு

ஹவுஸ் சர்ஜன் முடித்துவிட்டு, ஊரிலேயே ஒரு கிளினிக் போட்டு உட்காரப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். “வெறும் எம்.பி.பி.எஸ்.ஸோட நின்னுடப் போறியா?” என்றுதான் முதல் கேள்வி வரும். எனக்கும் வந்தது. அதற்குப் பிறகு 25 ஆண்டுகள் ஓடிவிட்டன. சில வருடம் ஆரம்ப சுகாதார நிலையம், அப்புறம் டெல்டாவில் ஒரு சின்ன ஊரில் சொந்தக் கிளினிக். இப்போது என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். நடுநடுவே மாவட்ட அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்த குறிப்புகளும் உண்டு.

குடும்ப மருத்துவம், முதியோர் பராமரிப்பு, சுகாதாரக் கொள்கை மூன்றும் வேறு வேறு வேலைகள் என்றுதான் கல்லூரியில் நினைத்திருந்தேன். எனக்கோ ஒன்றிலிருந்து ஒன்று முளைத்தது. ஒரே ஊரில் ஒரே குடும்பங்களை வருடக்கணக்கில் பார்த்தால், 45 வயதில் சர்க்கரைக்கு வந்தவர் 68 வயதில் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுவதையும் நீங்கள்தான் பார்ப்பீர்கள். ஏன் விழுந்தார் என்று தேடினால் பாதிக் காரணம் உடம்பில் இருக்கும். மீதி அவருடைய மாத்திரைப் பையிலும், கழிப்பறை இருக்கிற தூரத்திலும், அரசாணை ஒன்றின் வரியிலும் இருக்கும். பார்த்ததை எழுதி வைக்கிற டாக்டருக்குத்தான் இந்த மூன்றும் ஒரே நூலாகத் தெரியும். அதனால் இந்த வழிகாட்டியில் திரும்பத் திரும்ப ஒரு நோட்டைப் பற்றிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்கு ஆள் எவ்வளவு தேவை என்பதற்கு ஒரே ஒரு கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேருக்குச் சற்று மேல் 60 வயதைக் கடந்தவர்கள். 2031-இல் அது 18-ஐத் தாண்டும் என்று மத்திய அரசின் மக்கள்தொகை மதிப்பீட்டுக் குழு கணித்திருக்கிறது. இதில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

படிக்கும்போதே தொடங்குவது

2022 முதல் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குக் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் வந்திருக்கிறது. முதல் ஆண்டிலேயே கிராமத்தில் சில குடும்பங்களை ஒப்படைக்கிறார்கள். பதிவேட்டை நிரப்பிக் கையெழுத்து வாங்குவதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள். அந்த வீட்டுப் பாட்டியின் கண்புரை எப்போது கவனிக்கப்பட்டது, எப்போது அறுவை சிகிச்சை நடந்தது, நடுவே ஏன் அத்தனை மாதம் தள்ளிப்போனது என்று பின்தொடர்ந்து பாருங்கள். ஒரே குடும்பத்தை வருடக்கணக்கில் கவனிக்கிற வாய்ப்பு எங்கள் காலத்தில் கிடைக்கவில்லை.

சி.ஆர்.ஆர்.ஐ. ஆண்டில், அதாவது ஹவுஸ் சர்ஜன் பயிற்சி வருடத்தில், பெரிய அறுவை சிகிச்சைகளுக்குக் கை கழுவி நிற்பதைவிட, சின்ன வேலைகளைக் கையில் ஏற்றிக்கொள்வது உங்களுக்குப் பயன்படும். சிறுநீர்க் குழாய் (கதீட்டர்) போடுவது, மூக்குவழி உணவுக் குழாய் போடுவது, படுக்கைப்புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவது, தையல், மாவுக்கட்டு, காதுக் குறும்பி எடுப்பது. இவற்றில் பாதியை வார்டு சிஸ்டர்கள் நம்மைவிட நன்றாகச் செய்வார்கள். அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். வருடக்கணக்காகச் செவிடு என்று எல்லோரும் ஒதுக்கி வைத்த ஒரு தாத்தா, குறும்பி எடுத்த பிறகு பேத்தியின் குரலுக்குத் திரும்பிப் பார்த்தார். அந்தக் காலைப் பொழுது இன்றும் எனக்கு மறக்கவில்லை.

பதிவும் மேற்படிப்பும்

சி.ஆர்.ஆர்.ஐ.க்கு முன்னால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு, முடித்ததும் நிரந்தரப் பதிவு. மருந்துச் சீட்டு, சான்றிதழ், ரசீது எல்லாவற்றிலும் அந்தப் பதிவு எண் இருக்க வேண்டும். 5 ஆண்டுக்கு 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி என்பது விதி. கடைசி வருடத்தில் ஓடிப்போய்ச் சேர்க்காமல், வருடத்துக்கு இரண்டு நல்ல கருத்தரங்குகளாகத் தேர்ந்தெடுத்துப் போங்கள்.

குடும்ப மருத்துவத்தில் முறையான முதுநிலைப் படிப்பு வேண்டும் என்றால் தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. குடும்ப மருத்துவம் இருக்கிறது, 3 ஆண்டு. இதே துறையில் எம்.டி. படிப்பை நாட்டிலேயே முதலில் தொடங்கியது கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி. இடங்கள் இன்றும் மிகக் குறைவுதான். கிளினிக்கை விட்டு நகர முடியாதவர்களுக்கு வேலூர் சி.எம்.சி.யின் தொலைக்கல்விப் பிரிவு நடத்தும் குடும்ப மருத்துவப் படிப்பு கைகொடுக்கும். எதில் சேர்ந்தாலும், அது தேசிய மருத்துவ ஆணையம் ஏற்கும் முதுநிலைத் தகுதியா, திறமை வளர்க்க மட்டுமான படிப்பா என்று முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். இரண்டாவது வகையும் நல்லதுதான். ஆனால் அதை வைத்து நிபுணர் என்று பலகையில் எழுதக் கூடாது.

என் சொந்த அபிப்பிராயம்: கிளினிக் போடும் முன் குறைந்தது 3 ஆண்டாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருங்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் உதவி மருத்துவர் பணிக்குத் தேர்வு நடத்துகிறது. தமிழ்த் தகுதித் தாளும் உண்டு, அதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு முதுநிலை இடங்களில் தனி ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது, அதற்காக வருகிறவர்களும் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையம் தருகிற பெரிய பாடம் வேறு. கிராம சுகாதார செவிலியரோடு ஒரு நாள் முழுக்க நடந்து பாருங்கள். எந்த வீட்டில் யார் படுக்கையில் கிடக்கிறார், எந்த மருமகள் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள், யார் மாத்திரையை வாங்கி அலமாரியில் அடுக்கி வைக்கிறார் என்று அவருக்கு எல்லாம் தெரியும். திட்டங்கள் எங்கே மடங்கி நின்றுவிடுகின்றன என்பதை நான் அவர் பின்னால் நடந்துதான் புரிந்துகொண்டேன்.

கிளினிக் போடுவது

இடம் பிடித்ததும் முதலில் போக வேண்டியது ஜே.டி. ஆபீஸ், அதாவது மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் 2018-இல் வந்த விதிகளும் ஒற்றை அறைக் கிளினிக்குக்கும் பொருந்தும். மருத்துவக் கழிவுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும். 2016 விதிகளின்படி நிறம் பிரிக்க வேண்டும்: ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளில், சிரிஞ்சும் குழாயும் சிவப்பில், ஊசி முனை வெள்ளை டப்பாவில், மருந்துக் குப்பி நீலத்தில். இதை நீங்களே ஒரு மாதம் செய்து, உதவியாளருக்குப் பழக்குங்கள். தெருவில் குப்பை அள்ளுகிற அம்மாவின் கையில் உங்கள் ஊசி குத்திவிடக் கூடாது.

அறையை அமைக்கும்போதே வயதானவர்களை மனத்தில் வையுங்கள். வாசலில் படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை. காத்திருக்கும் இடத்தில் கை வைத்த நாற்காலிகள். கை இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூலிலிருந்து 75 வயதுக்காரர் எழுந்திருக்க முடியாது. மேற்கத்தியக் கழிப்பறை, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. மருந்துச் சீட்டைத் தமிழில் எழுதுங்கள், பெரிய எழுத்தில். படிக்கத் தெரியாதவருக்குக் காலைக்கு ஒரு சூரியன், இரவுக்கு ஒரு நிலா வரைந்தால் போதும்.

முதல் வருடம் டோக்கன் புத்தகம் காலியாகத்தான் இருக்கும். அப்போதுதான் ஊசிக்கான வற்புறுத்தல் வரும். “ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர், வேலைக்குப் போவணும்” என்பார்கள். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக், மூட்டு வலிக்கு ஸ்டீராய்டு என்று போட ஆரம்பித்தால் கூட்டம் கூடும், கைராசிக்காரர் என்ற பெயரும் வரும். அந்த ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறி, காலில் புண் ஆறாமல் அதே ஆள் மூன்று மாதத்தில் திரும்பி வருவார். நான் செய்தது இதுதான்: ஊசி தேவையில்லை என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் அவருக்கு நானே போன் செய்து காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஊசி கேட்டு வந்தவர்களில் பலர் பிறகு அந்தப் போனுக்காகவே வந்தார்கள்.

ஸ்கேன் சென்டரும் லேபும் கமிஷன் கவரோடு வருவார்கள். வாங்காதீர்கள். மருத்துவ நெறிமுறை விதிகள் 2002 அதை வெளிப்படையாகத் தடை செய்கின்றன. நோயாளி கொடுக்கிற ஃபீஸ் ஒன்றுதான் நமக்கு வருமானம் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டால், அப்புறம் எந்தப் பரிசோதனையை எழுதும்போதும் மனம் தடுமாறாது.

இனி அந்த நோட்டு. கம்ப்யூட்டரில் வைத்தாலும் சரி, நீளக் கோடு நோட்டில் எழுதினாலும் சரி. உங்களிடம் வருகிற 60 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பெயர், தெரு, கூட இருப்பது யார், ராத்திரி அவசரம் என்றால் யாரை அழைப்பது, என்ன மாத்திரைகள், கடைசியாக எப்போது விழுந்தார், நடக்கக் கோல் வேண்டுமா, தனியாகக் குளிக்கிறாரா. மருத்துவப் பதிவுகளை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. இந்த நோட்டை மட்டும் கடைசி வரை வைத்திருங்கள். மற்றவர் கைக்குப் போகாமல் பூட்டி வையுங்கள்.

வயதானவர்களைப் பார்ப்பது

இந்தப் பகுதி நீளமாக இருக்கும். புதியவர்கள் அதிகம் தவறு செய்வது இங்கேதான், நானும் செய்தேன்.

கிளினிக் தொடங்கிய புதிதில் 80 வயதுப் பாட்டி ஒருவர் தலைசுற்றல் என்று வந்தார். உட்கார வைத்து பி.பி. பார்த்தேன், நன்றாக இருந்தது. தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரை எழுதி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து விடிகாலையில் சிறுநீர் கழிக்க எழுந்தவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது மகள் ஒரு மஞ்சள் பையைக் கட்டிலில் கொட்டினார். அம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரை இரண்டு வெவ்வேறு கம்பெனிப் பெயரில் இருந்தது. இரண்டு இடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இரண்டையும் பாட்டி ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார். தூக்க மாத்திரை ஒன்று. அதன் மேல் நான் கொடுத்தது. அன்று பையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தால், எழுந்து நிற்க வைத்து ஒரு முறை பி.பி. பார்த்திருந்தால், அவர் அதற்குப் பிறகும் நடந்திருப்பார். பாட்டி மறுபடி நடக்கவில்லை.

அதனால் முதல் விதி: முதியவர் யார் வந்தாலும் பையோடு வரச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்து “இது எதுக்கு சாப்பிடுறீங்க?” என்று அவரிடமே கேளுங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கும். ஒரு மாத்திரையின் பக்கவிளைவுக்கு இன்னொரு மாத்திரை இருக்கும். சில மருந்துகளைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும்: சர்க்கரையை நெடுநேரம் தாழ்த்தி வைக்கும் க்ளைபென்க்ளமைடு, அல்பிரசோலாம் மாதிரித் தூக்க மாத்திரைகள், பி.பி.யும் சிறுநீரகக் கோளாறும் இருப்பவர் தினமும் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை, உடலில் சோடியத்தைக் குறைக்கும் நீர் மாத்திரைகள். நாட்டு மருந்துப் பொடி இருந்தால் அதையும் கோபப்படாமல் கேளுங்கள். திட்டினால் அடுத்த முறை மறைத்துவிடுவார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். ஒவ்வொன்றாக, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் பேசிவிட்டுக் குறையுங்கள். தூக்க மாத்திரையைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அடுத்து, படுக்க வைத்து 5 நிமிடம் கழித்து பி.பி., எழுந்து நின்ற 1-ஆம் நிமிடத்திலும் 3-ஆம் நிமிடத்திலும் மறுபடி பி.பி. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அவர் விழக்கூடியவர். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். 12 விநாடிக்கு மேல் ஆனால் நோட்டில் குறித்து வையுங்கள். அறையில் தரையில் ஒரு கோடு போட்டு வைத்தால் இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

“நேத்து வரைக்கும் நல்லா இருந்தாங்க, இன்னைக்கு என்னென்னமோ பேசுறாங்க” என்று யாராவது சொன்னால், வயசாகிவிட்டது என்று ஒருபோதும் அனுப்பிவிடாதீர்கள். திடீர்க் குழப்பம் என்பது வேறு ஏதோ நடக்கிறது என்பதற்கான அடையாளம். சர்க்கரை இறங்கியிருக்கலாம், சோடியம் குறைந்திருக்கலாம், சிறுநீரில் தொற்று, நெஞ்சுச் சளி, சிறுநீர் அடைப்பு, நாலு நாள் மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை எதுவாகவும் இருக்கலாம். காய்ச்சலே இல்லாமல் நிமோனியா இருக்கும், நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு இருக்கும். குளுக்கோமீட்டரைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதை ஒரு வேலை நாளாகவே ஒதுக்குங்கள். எனக்குப் புதன்கிழமை மதியம். போனதும் கட்டிலுக்குப் பக்கத்தில், அவர் கண்மட்டத்தில் உட்காருங்கள். மகன் கதவருகிலேயே கதையை ஆரம்பிப்பார். முதல் கேள்வியை முதியவரிடமே கேளுங்கள், அவருக்குப் பேச்சு தெளிவில்லை என்றாலும். பிறகு வீட்டைப் பாருங்கள். கட்டிலிலிருந்து கால் தரையைத் தொடுகிறதா, கழிப்பறைக்குப் போகிற வழியில் விளக்கு எரிகிறதா, வாசல்படி எவ்வளவு உயரம், குளியலறைத் தரை வழவழப்பாக இருக்கிறதா. நான் எழுதிய நல்ல மருந்துச் சீட்டுகளில் சில, ‘பூஜ்ய வாட் பல்பு ஒன்று, இரவு முழுவதும்’ என்று எழுதியவை.

படுக்கையில் இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். குதிகால், வால் எலும்பு, இடுப்பு மூட்டு மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். பவுடர் போட்டு அழுத்தித் தேய்ப்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. படுத்த வாக்கில் கஞ்சி ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்ட வேண்டும், ஊட்டிய பிறகும் அரை மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். கிளம்பும் முன் பார்த்துக்கொள்கிறவரிடம், அநேகமாக மருமகளோ மகளோ, “நீங்க நேத்து தூங்கினீங்களா?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு உடைந்து அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவருடைய முதுகு வலிக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். அவர் படுத்துவிட்டால் அந்த வீட்டில் இரண்டு நோயாளிகள்.

சாவைப் பற்றியும் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும். புற்றுநோய் முற்றிய வலிக்கு மார்ஃபின் மாத்திரை தேவைப்படும்; 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அதை வைத்திருப்பது எளிதாகியிருக்கிறது. உங்களுக்கு அருகில் எது என்று முன்கூட்டியே தெரிந்து வையுங்கள். வீட்டிலேயே வலி தணிக்கும் சிகிச்சையை ஊர் மக்களே சேர்ந்து நடத்த முடியும் என்று பார்க்க வேண்டுமானால் கோழிக்கோட்டுக்கு ஒரு வாரம் போய் வாருங்கள். எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கிற உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது, 2023-இல் அதன் நடைமுறையை எளிமையாக்கியது. கேட்கிற குடும்பத்துக்கு விளக்கிச் சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் இறந்தவருக்கு, கடைசி நோயில் பார்த்த டாக்டர் என்ற முறையில், இறப்புக் காரணச் சான்றை நீங்கள்தான் படிவம் 4ஏ-இல் எழுதுவீர்கள். ‘இதயம் நின்றது’ என்று எழுதாதீர்கள். எல்லோருக்கும்தான் இதயம் நிற்கிறது. அதற்கு இட்டுச் சென்ற நோயை வரிசையாக எழுதுங்கள்: இடுப்பெலும்பு முறிவு, படுத்த படுக்கை, நிமோனியா. இப்படி எழுதினால்தான், விழுவதால் எத்தனை பேர் சாகிறார்கள் என்று என்றைக்காவது அரசுக்குத் தெரியும்.

முதியோர் மருத்துவத்தில் ஆழமாகப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு வழி சென்னையிலேயே இருக்கிறது. அரசுப் பொது மருத்துவமனையில் 1978-இலேயே முதியோருக்குத் தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் வி.எஸ். நடராஜன், 2012-இல் பத்மஸ்ரீ பெற்றவர். இந்தியாவிலேயே முதலில், 1996-இல், முதியோர் மருத்துவத்தில் எம்.டி. தொடங்கியதும் சென்னை மருத்துவக் கல்லூரிதான். கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. வேலையை விட முடியாதவர்களுக்கு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்தும் முதியோர் மருத்துவ டிப்ளமோ உண்டு. நோயாளிகளுக்குச் சொல்லித் தர இரண்டு விஷயம்: முதியோர் உதவி எண் 14567. பிள்ளைகள் கைவிட்டால் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை.

நோட்டிலிருந்து கோட்டைக்கு

கொள்கை என்றால் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் வேலை என்று நினைக்க வேண்டாம். சுதந்திரத்துக்கு முன்பே இந்தியாவின் சுகாதார அமைப்புக்கு வரைபடம் போட்ட, சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான குழுவில் சென்னையின் மகப்பேறு மருத்துவர் டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் உறுப்பினராக இருந்தார். அந்தக் குழு 1946-இல் அறிக்கை கொடுத்தது. அதில் எவ்வளவு நடந்தது என்று பிறகு ஆராய்ந்த குழுவுக்கு அவரே தலைவர். பிரசவ வார்டில் நின்றவர்தான் ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பற்றியும் எழுதினார்.

தொடங்குவதற்கு, மக்கள் நல்வாழ்வுத் துறை ஒவ்வொரு ஆண்டும் மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கிற கொள்கை விளக்கக் குறிப்பைப் படியுங்கள். தமிழிலேயே கிடைக்கும். எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் நோட்டைப் புரட்டுங்கள். எனக்குத் தெரிந்த ஓர் இடைவெளியைச் சொல்கிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பெரிய அறுவை சிகிச்சைகளில் எத்தனையோ ஏழைக் குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் ஆஸ்பத்திரிப் படுக்கையோடு முடிந்துவிடுகிறது. இடுப்பெலும்புக்கு ஆபரேஷன் செய்து வீட்டுக்கு வந்த பிறகு ஆறு மாதம் ஆகிற டயப்பர், காற்றுப் படுக்கை, பிசியோதெரபி, வீட்டில் ஒருவர் விட்டுவிட்ட கூலி எதுவும் அதில் வராது. இதை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அந்த இடைவெளியில் ஒரு பகுதியை அடைக்கிறது. பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வருகிறது, பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் வருகின்றன. என் நோயாளிகளுக்கு அதனால் உண்மையாகவே பலன் உண்டு. ஆனாலும் எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பல முதியவர்களுக்கு மாத்திரை விட்டுப்போனது. நோட்டைப் பார்த்தபோது, விட்டுப்போனவர்களில் பெரும்பாலோர் பகலில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். தன்னார்வலர் வரும்போது வீடு பூட்டியிருந்திருக்கிறது. வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒரே ஒரு பக்கம் எழுதினேன். அந்தத் தெருக்களுக்கு மட்டும் வருகையை மாலைக்கு மாற்றினார்கள். கொள்கை வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த அளவிலான வெற்றிதான்.

அந்த ஒரு பக்கத்தை எப்படி எழுதுவது? முதல் வரியில் பிரச்சினை, ஊர்ப் பெயரோடு. அடுத்து எண்ணிக்கை: எத்தனை பேரைப் பார்த்தீர்கள், அதில் எத்தனை பேருக்கு இது நடந்தது. பிறகு என்ன மாற்ற வேண்டும், அதை மாற்றும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது, செலவு என்ன. நோயாளியின் பெயர் வேண்டாம். குறை சொல்கிற தொனியும் வேண்டாம், படிப்பவரும் வேலைப்பளுவில் இருக்கிறவர்தான். வட்டார அலுவலரால் முடிகிற விஷயத்தைச் செயலாளருக்கு எழுதாதீர்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றால் நேரில் போய்க் கேளுங்கள். தகவல் தேவைப்பட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

இதையே முழுநேர வேலையாக்க நினைத்தால் பொது சுகாதார முதுநிலைப் படிப்புகள் உண்டு. சென்னையில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் இரண்டும் நல்ல பெயர் உள்ளவை. எம்.டி. சமுதாய மருத்துவம் படித்தால் கற்பிக்கவும் போகலாம். எந்த வழியில் போனாலும் வாரம் ஒரு நாள் ஓ.பி.யில் உட்காருவதை விட வேண்டாம் என்பேன்.

பணமும் ஓய்வும்

சுருக்கமாகச் சொல்கிறேன். குடும்ப டாக்டர் நிபுணர் அளவுக்குச் சம்பாதிப்பதில்லை. ஆனால் கமிஷன் வாங்காமலே ஒரு குடும்பத்தைக் கண்ணியமாக நடத்தலாம். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்; டாக்டர்களும் நுகர்வோர் சட்டத்துக்குள் வருவோம் என்று 1995-லேயே தீர்ப்பாகிவிட்டது. பக்கத்து ஊரில் உங்களைப் போலவே ஒருவரைத் தேடிப் பிடித்து, மாதம் ஒரு ஞாயிறு அவர் உங்கள் அவசர அழைப்புகளை எடுக்கவும் நீங்கள் அவருடையதை எடுக்கவும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இதை முதல் வருடத்திலேயே செய்யுங்கள். நான் ஏழு வருடம் தள்ளிப்போட்டேன், அதற்குள் என் பிள்ளைகளின் பள்ளி விழா எத்தனையோ போய்விட்டது.

பொறுப்பை மாற்றிக் கொடுக்கும்போது நோட்டிலிருந்து ஒரு பட்டியல் மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும்: படுக்கையில் இருப்பவர்கள், தனியாக வாழ்கிறவர்கள், இந்த வாரம் கடைசி நாட்களில் இருப்பவர்கள். பெயருக்குப் பக்கத்தில் தெருவும், கதவைத் திறக்க யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் முந்தின நாளே போன் செய்து, “நாளைக்கு நான் இல்ல, இவரைக் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.